கொம்புக்கு விட்ட இடம்

வெள்ளிக்கிழமைகளில், இடைவேளை முடிந்த பிறகு
எனக்குத் தரப்பட்ட வகுப்பறை
சமையல் சட்டிகள் அடுக்கும் அறையின் அரைவாசி.
மற்ற அரைவாசியில் பருப்பு மணம்.
ஏழு பிள்ளைகள்.
மல்லாவியில் என்னோடு பஸ்ஸால் இறங்குகிறவர்கள் இரண்டு பேர்,
மிச்சப்பேர் நடை.

பதிவேட்டில் 'மெல்லக் கற்போர்' என்று இருக்கிறது.
பிள்ளைகள் சட்டி வகுப்பு என்கிறார்கள்.
எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

வலயத்திலிருந்து படிவம் வந்தது.
ஆங்கிலத்தில் பிறந்து, சிங்களத்தில் நனைந்து,
இரண்டு ஆறு கடந்து தமிழுக்கு ஏறிய படிவம்.
ஏழாம் கேள்வி:
மாணவர் பீ, டீ ஆகிய எழுத்துகளை
இடம்வலம் மாற்றி எழுதுகிறாரா?
நான் அதைச் சத்தமாய் வாசித்திருக்கக் கூடாது.
சட்டி வகுப்பு சிரித்து ஓய
ஐந்து நிமிடம் போனது.

ஆம் என்றால் பொய்.
இல்லை என்றால் லக்சிதனுக்கு ஒரு குறையும் இல்லையென்றாகும்,
அவனுக்குக் கிடைக்கிற இந்த நாற்பது நிமிடமும் போய்விடும்.

லக்சிதன் மேகம் எழுதுவான்.
ம முதலில். கொம்பு அதன் பின்னால்.
பிறகு க, பிறகு ம்.
வாசித்தால் 'மகேம்'.
மூன்று வருடச் சிவப்பு மை
அந்த மகேமின் மேல் மழையாய்ப் பெய்திருக்கிறது.

ஒருநாள் கொப்பியை விட்டு
அவன் வாயைப் பார்த்தேன்.
முதலில் உதடு மூடியது.
பிறகுதான் இழுபட்டது.
"சொல்லேக்க ம் தானே டீச்சர் முதல் வருது?
ஏ பிறகெல்லே?"

பதினெட்டு வருடமாய்ப் படிப்பிக்கிறேன்.
அந்தக் கொம்பு ஏன் முந்திக்கொண்டு நிற்கிறதென்று
ஒருநாளும் கேட்டதில்லை.
வரிசை குழப்பியது எழுத்து.
குட்டு வாங்கியது அவன்.

இதைப் படிவத்தின் பின்பக்கம் எழுதி அனுப்பினேன்.
'எல்லாப் பெட்டிகளையும் நிரப்பி மீள அனுப்பவும்'
என்று திரும்பி வந்தது.
அதிபர் நல்ல மனுசன்தான்.
"அடுத்த வருசம் புலமைப்பரிசில்.
சோதினையண்டு உந்த ஏழு பேரும்..."
என்று தொடங்கி, யன்னலைப் பார்த்தார்.
நானும் யன்னலைப் பார்த்தேன்.
வெளியே ஒன்றும் இல்லை, வெயில்.

வழி நான் கண்டுபிடித்ததல்ல.
தேன் என்று சொன்னேன்.
அவன் கோட்டில் ஒரு விரல் வைத்து, விரலுக்கு அப்பால் த எழுதினான்.
விரலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து
வெற்றிடத்தில் கொம்பை நட்டான்.
மறுபடி முன்னே போய் ன்.
தாளுக்குத் தெரியாது எது முதலில் வந்ததென்று.
பார்வையிட வருகிற ஐயாவுக்கும் தெரியாது.
கொக்குக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டான்,
ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் அரவு.
சிலவேளை இடம் காணாமல்
கொம்பு நசிந்து சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்றது.
சரி போட்டேன்.

இன்றைக்கு ஆறு பேர்தான்.
வவுனிக்குளம் பக்கம் பாதையை மறித்து நிற்கிறதாம்,
ஹம்சவி வரவில்லை.
எழுதுங்கோ என்றேன், ஏன் வரேல்லை எண்டு.
பென்சில்கள் குனிந்தன.
யா வரைக்கும் வந்துவிட்டு லக்சிதன்
விரலை வைத்தான், எடுத்தான்,
இரண்டு விரல் வைத்துப் பார்த்தான்.

"டீச்சர்,
யானைக்கு எவ்வளவு இடம் விடோணும்?"