தூசு

காட்பாடி ரோடு இம்தியாஸ் கடையில்
அறுபது எம்எம் மேக்ரோ கேட்டேன்.
"கிட்டப் போனா உங்க மூஞ்சிதான் கண்ணாடியில விழும்,
நூறு எடுங்க, தள்ளி நில்லுங்க" என்றார்.
ஒருநாள் வாடகை எண்ணூறு.

சத்துவாச்சாரியில் மே மாதம்.
தண்ணீர் நடுங்குகிறதென்று மின்விசிறியை நிறுத்தி
வியர்வையோடு இருநூற்றுப் பதினாறு படம்.
வயிறு புடைத்த கப்பி
எல்லாவற்றிலும் வாலைக் காட்டியது,
கடைசி ஒன்றைத் தவிர.

இரவு, மென்பொருளின் சோதனைப் பதிப்பு,
இன்னும் மூன்று நாள்.
பச்சையைக் குறைத்தேன். நிழலைத் தூக்கினேன்.
தூசைப் புள்ளி புள்ளியாகத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஒரு புள்ளிக்கு
வால் இருந்தது.

பெரிதாக்கினால்
இமைமயிர் அளவு உடம்பு, இரண்டு கண்.
இதுவரை எத்தனையைத் துடைத்தேன்?
கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட்.
ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, பதினொன்று.

தொட்டிப் பக்கம் திரும்பினேன்.
தாய்
பசியோடு
துடைத்துக்கொண்டிருந்தது.