முங்குமா, மிதக்குமா

அக்னி தீர்த்தக் கரையில் தார்ப்பாய் விரிக்கும்போது
ஆறேகால்.
நூற்றெட்டு மணி முந்நூறு. கைக்காப்பு எண்பது.
‘ஒரிஜினல் கருங்காலி’ என்று
அட்டையில் எழுதியது நான்தான்.

சேலத்துக்காரர் ஈர வேட்டியோடு குனிந்து கேட்கிறார்:
தண்ணீரில் போட்டால் முங்குமாமே?
போனில் பார்த்திருக்கிறார்.
எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.
அதற்கென்றே இரண்டு மணி தனியே வைத்திருக்கிறேன்,
கொழும்பிலிருந்து எப்போதோ தோணியில் வந்த
கட்டில் காலில் கடைந்தவை.
கண்ணாடி டம்ளரில் விட்டால்
கல் மாதிரிப் போய் உட்காரும்.
அவர் மாலையை வாங்கிக்கொண்டு போவார்.
மாலை எந்த மரமோ.

வேலைநிறுத்தத்தின் பதினொன்றாம் நாள்
என் தம்பி நம்புவேல் கடலுக்குப் போனான்.
ஏன் என்று ஊர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
மறுநாள் விடியலில்
வல்லத்தின் அணியத்தில் வெள்ளைப் பெயிண்டில்
ஒரே ஒரு சொல்.
என் அட்டையில் இருக்கும் அதே சொல்,
அவர்கள் ‘ளி’ போட்டிருந்தார்கள்.

சங்கத்து எடிசன் விளக்கம் சொன்னான்:
கோடாலிக்குக் காம்பாகி
தன் காட்டையே வெட்டக்கொடுத்த மரம், அக்கா,
அதனால்தான் அந்தப் பேர்.
மரம் எங்கேடா கொடுத்தது?
காம்புக்கு முதலில் வெட்டினது
அதைத்தானே?
அவன் சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

அந்தக் கட்டில் காலை அறுக்கையில் பார்த்தேன்.
ஓரமெல்லாம் வெளிறு, சாம்பல் நிறம்.
நடுவில்தான் கறுப்பு,
வாள் பல் மழுங்கும் கறுப்பு.
எங்கே வெளிறு முடிந்தது, எங்கே வயிரம் தொடங்கியது,
கோடு போட்டுக் காட்ட முடியாது.

சாயங்காலம் வந்தான். ஒன்றும் பேசவில்லை.
தார்ப்பாயிலிருந்து ஒரு மாலையை எடுத்து
தானே கழுத்தில் மாட்டிக்கொண்டான்.
காசு கேட்பேனா?
தேங்காய்நாரும் மண்ணெண்ணெயுமாக
இடுப்பளவு தண்ணீரில் நின்று
அணியத்தைத் தேய்த்தான்.
அலை ஏறி ஏறி மார்பில் அடித்தது.

இருட்டுகிற நேரம் கரையேறினான்.
பெயிண்ட் போகவில்லை,
‘கரு’ மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது.
மார்பிலிருந்து தொப்புள்வரை
கறுப்பாய் ஒழுகிக்கொண்டிருந்தது.
கழுத்தில் நூற்றெட்டும் வெளுத்து,
பச்சை வேர்க்கடலை நிறத்தில்.

ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்த்தான்.
‘இதுக்கா முந்நூறு?’ என்றான்.

அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.
நான் டம்ளர் தண்ணீரைக் கொட்டினேன்,
இரண்டு மணிகளையும்
விரலால் தடுத்துக்கொண்டு.