துணைவரின் கையொப்பம்

ஓல்ட்டனில் மழை. படிவம்
மீன்குழம்புச் சட்டிக்கும் கணக்குக் கொப்பிக்கும் நடுவில்.
மாதாமாதம் வாங்குவதா, மொத்தமாய் எடுப்பதா?
இரண்டு பெட்டி. ஒரு புள்ளடி.

தவநேசன் மொத்தத்தில் போட்டுவிட்டார்.
இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில்
சூப் கிளறிய கை, நடுங்கவில்லை.
சூரிக்கில் மச்சான் குகபாலன் கடைக்கு இடம் பார்த்தாயிற்று,
பெயர்ப்பலகைக்கு நிறம்கூட முடிவாம்.

கீழே ஒரு வரி, எறும்பெழுத்தில்:
துணைவரின் கையொப்பம் இன்றிச் செல்லாது.

"இதில வை" என்றார்,
உப்பை எடு என்பதுபோல.

எனக்கும் வேலைதான்.
விடிய ஐந்துக்கு வங்கி, பத்துக்குப் பல் டொக்டர்,
பின்னேரம் பள்ளிக்கூடத்து நீண்ட தாழ்வாரம்.
மூன்று முதலாளி. ஒவ்வொருவரிடமும்
எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே என் சம்பளம்.
மூன்றையும் கூட்டிப் பார்க்க
ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மாதப் பணமென்றால், அவருக்குப் பின்
அதில் பாதிக்கு மேல் எனக்கு வரும்.
மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.
மகளைக் கேட்கவில்லை.
அகராதி வைத்து நானே வாசித்தேன், நேற்று, பஸ்ஸில்.

கடை வெல்லலாம். குகபாலன் கெட்டவனில்லை.
ஆனால் அரிசிக்கும் மிளகாய்த்தூளுக்கும் தட்டு அடிப்பவன்
விதவைக்கு ஒன்று அடிப்பானா?

பேனாவை மூடினேன்.
"குழம்பு ஆறுது, சாப்பிடுங்கோ."
அவர் நிமிர்ந்து பார்த்தார்,
முப்பத்தொரு வருடத்தில் முதல்முறை
என் பெயரை எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி.

ஐந்தேகால் பஸ்.
படிவத்தை அப்படியே விட்டுப் போனேன்.
வெறும் கோட்டின்மேல்
ஒரு துளி குழம்பு.