நாற்பத்தொன்று

வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால்
அலை நேரே வந்து அறையும் கல்லில்
ஊரிகளுக்கு வாய் அகலம், ஓடு மெல்லிசு.
பிடி விட்டால் போச்சு.

முப்பது அடி தள்ளி, வாய்க்கால் முகத்தில்
அலை இல்லை; நண்டு உண்டு.
அங்கே அதே ஊரி
தடித்த ஓட்டுக்குள் வாயைச் சுருக்கியிருக்கிறது.

ஃபஸ்மினா நகப்பூச்சால் இலக்கமிட்டாள்.
நான் அங்குமிங்கும் மாற்றி வைத்தேன்.
பாணந்துறைக் கோச்சி போனபோது
கல்லோடு நாங்களும் அதிர்ந்தோம்.

பத்தாம் நாள்
நாற்பத்தொன்றின் உதடு மட்டும் கிடைத்தது,
சிவப்புப் பூச்சோடு,
நண்டு உடைத்த விளிம்போடு.
அளந்தேன்: பதினொன்று தசம் இரண்டு.
எழுதினேன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கல்.
அதில் இருப்பவை
அகலமுமில்லை, ஒடுக்கமுமில்லை.
"இதுகளை எந்த நிரலில போட?"
கடல் ஏறிக்கொண்டிருந்தது.
"கொப்பி நனைஞ்சிட்டுது" என்றேன்.