அரை மாத்திரை

கேர்லிட்ஸ் நகர நூலகத்தின் நிலவறை.
ஜனவரிக் குளிரில் வெந்நீர்க் குழாய் இருமுகிறது.
தரையில் நூற்றுப் பன்னிரண்டு உளவு நாவல்கள்,
மேலே புது அலமாரியில் ஏழுக்குத்தான் இடம்.
காலத்துக்கு ஒன்று, என்கிறாள் ஹென்ரிகே,
சண்டை போடாமல் எடுங்கள்.

ஓட்ஃபிரீட் முப்பத்தோராண்டு ரயிலில் டிக்கெட் பார்த்தவர்.
அவருக்கு முப்பதுகள்தான் பொற்காலம்:
இரவு வண்டி, உள்ளே தாழிட்ட பெட்டி,
மேல் படுக்கையில் செத்துக் கிடக்கும் தூதன்.
"ஆனால் இதில் ஆறே நிமிடத்தில் எஞ்சின் மாற்றுகிறார்கள்.
யாரால் முடியும்?"
அந்த ஒரு குற்றத்துக்காக நல்ல நாவலொன்றைத் தள்ளிவைத்தார்.
யாரும் பார்க்காதபோது திரும்ப எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்கும் முந்தியவற்றில்
மீசை முறுக்கிய கனவான்கள்
காளான் பறிக்கப் போய் பீரங்கிகளை எண்ணிவிட்டு வருகிறார்கள்.
தோற்றவன் கைகுலுக்குகிறான்.
ஒன்றை எடுத்தாள் ஹென்ரிகே, அட்டைப்படத்துக்காக மட்டும்.

பாலம் தாண்டி போலந்துக் கரையிலிருந்து வருபவன் ஸெவரின்,
வயது இருபத்திரண்டு.
சுவர் விழுந்த பிறகு வந்தவற்றுக்காக வாதாடினான்:
எதிரியைத் தொலைத்துவிட்டு
மூடிய ஆலையின் வாசலில் நிற்பவர்களைப்போல நிற்கும் ஒற்றர்கள்.
தன் காலத்தை அவனே கைவிட்டான்.
"எல்லாம் திரையில் நடக்கிறது.
ஒருவரும் மழையில் நனைவதில்லை."

பனிப்போர்க் குவியல் ரெட்ஸ்லாஃப் அம்மாள் பக்கம்.
பத்தொன்பது ஆண்டுகள் அஞ்சலகப் பின்னறையில்
அடுத்தவர் கடிதங்களைத் திறந்தவள்.
ஊருக்கே தெரியும்.
ரொட்டிக்கடையில் ஊரே வணக்கம் சொல்லும்,
சற்று வேகமாக.

பென்சிலால் ஓரங்களில் குறித்துக்கொண்டே போனாள்.
"கெண்டி ஆவியில் உறையைப் பிரிக்கிறான்.
காகிதம் அலையலையாகிவிடும். மறுநாளே மாட்டுவான்."
"இவனுக்குக் காதலிக்க நேரமிருக்கிறது.
எங்களுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு உறை."

எங்களுக்கு.
அந்தச் சொல் விழுந்ததும்
குழாய்கூட இருமவில்லை.

இதை எழுதும் என் மொழியில்
வேவு பார்ப்பவனும் ஒற்று, புள்ளி வைத்த மெய்யும் ஒற்று.
தனியே ஒலிக்கத் தெரியாது,
இன்னோர் எழுத்தின் தோளில் சாய்ந்துதான் நிற்கும்.
அதன் ஆயுள் அரை மாத்திரை.
நாவல் ஒற்றனுக்கோ
முழு மாத்திரை, கடைவாய்ப் பல்லுக்குள்.

கடைசியில் அவள் எடுத்தது
அட்டை கிழிந்த ஒல்லிப் புத்தகம், அறுபதுகளின் பழுப்பு.
"இதில் கதையே இல்லையே" என்றார் ஓட்ஃபிரீட்.
இல்லைதான். ஒருவன் சன்னலோரம் உட்கார்ந்து
எதிர்வீட்டில் விளக்கு அணையும் நேரத்தை எழுதுகிறான்.
அவள் வீடு மாறிப் போனபின்னும் எழுதுகிறான்.
"அவளுக்கு எந்தப் பல் வலிக்கும் என்பதுவரை அவனுக்குத் தெரியும்" என்றாள்,
"குரல் மட்டும் தெரியாது."

ஓட்ஃபிரீட் மடியிலிருந்த புத்தகத்தை மூடினார்.
"ஹானோவரிலிருந்து என் அண்ணன் எழுதுவான்.
எழுபத்தெட்டோடு நின்றுபோயிற்று."

அவள் நிமிரவில்லை.
"பச்சை மை. பெயருக்குக் கீழே ஒரு சின்ன மீன்."

ஸெவரினின் இரண்டு கையிலும் புத்தகம்.
எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு.

"கடைசியாக என்ன எழுதியிருந்தான்?"

பென்சிலைக் கீழே வைத்தாள். அது உருண்டு போனது.
"படகு வாங்கியிருந்தார். பழையது, நீலப் பூச்சு.
என்ன பெயர் வைக்கலாமென்று
உங்களைக் கேட்டிருந்தார்."

மேலே யாரோ நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்குகிறார்கள்.
ஹென்ரிகேயின் பட்டியலில் ஏழாவது வரி காலி.
நைஸே ஆற்றில் ஒரு படகும் இல்லை, பனிக்கட்டிதான்.

ஓட்ஃபிரீட் நெடுநேரம் யோசித்தார்.
பிறகு ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்தார்.
உதடு அசைந்தது.
ஒலித்திருந்தால்
அரை மாத்திரை இருக்கும்.