அடிப்பக்கம்

பழைய பலகைகளைப் பெயர்த்த அன்று
எனக்குத் தரை இல்லை,
வைஜயந்தி பரப்புக்கு மேற்கூரை இல்லை.
பதினோரு உத்திரங்கள்,
இடையிடையே ஒன்றரை அடிக் காற்று.
காற்றுக்கு அடியில் அவள்
வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எட்டு வருடமாகத் துடைப்பக் கட்டையால்
என் மிக்சிக்குப் பதில் சொல்பவள்.
உச்சந்தலையை இப்போதுதான் பார்க்கிறேன்.
வகிட்டில் நரை,
நூல் பிடித்து அடித்த சுண்ணாம்புக் கோடு.

தளவாய் குர்லாவிலிருந்து வருகிறார்.
தமிழில் அளந்து இந்தியில் திட்டுவார்.
ரசமட்டத்தில் குமிழி ஓடிய பக்கமெல்லாம்
சீவல் சீவலாக ஆப்பு வைத்தார்.
ஏழாவது உத்திரம் முக்கால் விரல் தொய்ந்திருந்தது.
"பீரோ இங்கயா இருந்துச்சு?"
பீரோ இல்லை.
மாமியாரின் கட்டில்.

பலகைகள் அதற்கு முன்பே பத்து நாள்
கேலரியில் சும்மா கிடந்தன,
கிர்காவின் ஈரத்தைக் குடித்து முடிக்க.
நான் அவற்றின் பக்கத்தில் படுத்தேன்.

பிறகு சண்டை.
தரை என்னுடையது, சரி,
அதன் அடிப்பக்கம் யாருடையது?
வாடகை ரசீதில் அப்படி எதுவும் எழுதவில்லை.
வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டு
என்னால் தூங்க முடியாது என்றாள்.
அப்படியானால் நீயே பூசு என்றேன்.
இரண்டு நாள் வேலை நின்றது.
மூன்றாம் நாள் நாலாவது உத்திரத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ஒரு கை மேலே வந்தது:
பெயின்ட் டப்பா, வெளிர்நீலம்,
செய்தித்தாளில் சுற்றிய பிரஷ்.

காய்ந்ததும் கவிழ்த்துப் போட்டோம்.
ஒன்றின் காடியில் மற்றதன் நாக்கு.
ஆணி நாக்கின் மேல் சாய்வாக இறங்கும்,
அடுத்த பலகை மூடிவிடும்.
"நாக்குல அடிச்சா வெளிய தெரியாது"
என்றார் தளவாய்.
எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

வரிசை வரிசையாக அவள் போனாள்.
முதலில் அடுப்பு, அப்புறம் ஸ்டூல்,
கீரைத் தட்டு,
கடைசி மூன்று விரல் அகலத்தில்
அண்ணாந்த ஒரு கண்.
மராத்தியில் ஏதோ சொன்னாள்.
சுத்தியல் எடுத்துக்கொண்டது.

சுவரோரம் அரை அங்குலம் விட்டிருக்கிறது,
ஜூலை மாதத்துக்கு.

ஓர் ஆணி உத்திரத்தைத் தவறவிட்டுக்
கீழே முனை நீட்டியிருக்கிறதாம்.
வெட்டிவிட ஆள் அனுப்பினேன், வேண்டாமென்றாள்.
தீபாவளிக்குச் சந்தில் நின்று பார்த்தேன்,
அவள் ஜன்னலுக்குள் ஆகாச கந்தில்
நடுவை விட்டுச் சற்றுத் தள்ளித் தொங்கியது,
ஏறத்தாழ என் அரிசி டப்பாவுக்குக் கீழே.

காலையில் மிக்சி போடுகிறேன்.
இன்னும் தட்டுகிறாள்,
நீலம் உதிராத அளவுக்கு.