இதர

ஓசூர் பாகலூர் சாலையில் மூன்றாம் மாடி.
பெயிண்ட் வாசம் போகாத இரண்டு அறை.
வீடு வங்கிக்கு, சாவி எங்களுக்கு.

முனிரத்தினத்தின் மதிப்பீடு வாட்ஸ்அப்பில் வந்தது:
ஏழு பக்கம், நாற்பத்தொரு வரி,
கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை.
திம்மராயன் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.
"பத்தாயிரம் குறைக்கச் சொல்லு, முடிச்சிடலாம்."
தூங்கிவிட்டார்.

நான் முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.
சிப்காட்டில் பத்து வருடமாக
அடுத்தவர் கடைந்த பல்சக்கரங்களை அளப்பவள்.
மொத்தம் என்பது எனக்கு ஒரு வதந்தி.

சமையலறைக் கீழ்ப்பெட்டி, சதுர அடியில்.
மேல்பெட்டி, ரன்னிங் அடியில்.
ஒரே சுவருக்கு ஏன் இரண்டு அளவுகோல்?
கீல், இன்ன கம்பெனி 'அல்லது அதற்கு இணையானது.'
இணை என்று யார் தீர்ப்புச் சொல்வது?
வரி தனி என்பது மட்டும் எறும்பெழுத்தில்.

"பதினெட்டு மி.மீ. பிளைவுட், தண்ணி தாங்கும்."
அவர் கொடுத்துப்போன மாதிரித் துண்டு
என் சாப்பாட்டு டப்பாவோடு ஆலைக்கு வந்தது.
மதியம் வெர்னியரின் வாயில் வைத்தேன்.
பதினாறு புள்ளி நான்கு.
"மரம் மூச்சு விடும்க்கா, கொஞ்சம் கூடும் குறையும்"
என்றாள் பக்கத்து மேசை நஸ்ரத்.
ஒன்று புள்ளி ஆறு மூச்சு இல்லை, பெருமூச்சு.

சனிக்கிழமை காலி வீட்டுக்குப் போய்ச்
சுவரில் பென்சிலால் அலமாரி வரைந்தேன்.
அகலம் ஏழு, உயரம் ஏழு, மேலே இரண்டடிப் பரண்.
ஏழேழு நாற்பத்தொன்பது.
அவர் எழுதியது அறுபத்துமூன்று.
சரி, பரணையும் சேர்த்திருக்கிறார் என்று
அடுத்த வரிக்குப் போனால்
அங்கே பரண், பதினான்கு சதுர அடி, தனியாக,
பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்.
ஒரே பரண் இரண்டு முறை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சிவப்புப் பேனாவால் அடித்தபோது
பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.
மூன்று நிமிடம் இருந்தது.

வரைபடத்தில் அடுப்புக்குக் கீழே மூன்று இழுப்பறை.
பட்டியலில் தேடினேன். இல்லை.
கீழிருந்து மேலே தேடினேன். இல்லை.
மெதுவாய் மூடும் ரகம், ஒன்று நாலாயிரத்து அறுநூறு
என்று அவர் வாயாலேயே சொன்ன விலை.
பதிமூன்றாயிரத்து எண்ணூறை
எழுத மறந்திருக்கிறார்.

பேனாவை மூடினேன். திறந்தேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டால்
வரைபடமும் ஒப்பந்தம்தானே.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்,
அளக்காமல் போட்டது அவர்.
காலி அறையில் நான் முணுமுணுத்தது
எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

எங்கள் ஆலையில்
அளவு குறைந்த சக்கரத்தில் சிவப்பு மை.
அளவு கூடிய சக்கரத்திலும்
அதே குப்பி, அதே மை.

போன் செய்தேன். சூளகிரிப் பட்டறையில் ரம்பம் ஓடியது.
பிளைவுட்டைச் சொன்னேன். "மாத்திடறேன் மேடம்."
பரணைச் சொன்னேன். "பையன் டைப் பண்ணது மேடம்."
இழுப்பறையைச் சொன்னேன்.
ரம்பத்தை யாரோ நிறுத்தினார்கள்.
"அதை ஏன் மேடம் நீங்களே சொல்றீங்க?"

பதில் வராமல் கடைசி வரிக்குத் தாவினேன்.
இதர செலவு, இருபத்தைந்தாயிரம். இது எதுக்கு?
சிரித்தார்.
"குறைக்கச் சொல்வீங்கல்ல, அதுக்கு."

அதையும் அடித்தேன், பென்சிலால்.
மாதக் கடைசி. இரவு
வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன்.
பால், வாடகை, வங்கித் தவணை, பஸ் பாஸ்,
இதர, ஆயிரத்து ஐந்நூறு.
திம்மராயன் இதுவரை கேட்டதில்லை.